முகம் மறைத்த வீடியோ

"நான் எப்பதான் மேடம் ஒரு ஆளாவேன்?"

நசீமாவின் வீட்டுக்குள் வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் இசக்கிமுத்து கேட்டுவிட்டான்.

நசீமா அவனைவிட வயதில் சின்னவர். ஆனால் டி.வி.யில் இருந்த காலத்தில் அவனுக்குச் செய்தி எழுதச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவன் அந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்கிய பிறகும், அவரிடம் காட்டாமல் எதையும் வெளியிட அவனுக்குக் கை வராது. 'சுதந்திரப் பத்திரிகையாளர்' என்று கார்டு மட்டும் ஜம்மென்று அடித்து வைத்திருந்தான்.

"இப்ப என்ன அண்ணாச்சி அவசரம்?"

"மச்சான் கேக்கான், இன்னும் செல்போனோடதான் அலையுதீங்களான்னு. இந்த ஒரு செய்தி போதும் மேடம். இறால் கம்பெனியில கேஸ் கசிஞ்சுச்சே, அன்னைக்கு வெளிக்கதவைப் பூட்டி வச்சிருக்காங்க. உள்ள மாட்டுன பொம்பளையே என்கிட்ட பேசியிருக்கா. பெரிய சேனல்காரங்க இப்ப கம்பெனி வாசல்ல நிக்காங்க. அவங்க முந்திட்டா நான் காலி."

"பேசுனது அவதான்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"வேலை போயிரும். அதோட விடவும் மாட்டாங்க. அதான் முகத்தை மறைச்சுட்டேன். குரலையும் ஆம்பளைக் குரலா மாத்திட்டேன். பெத்த தாய்க்கே தெரியாது."

அவன் நீட்டிய போனை நசீமா வாங்கவில்லை.

"அவ வீட்டுலேயே ரொம்பச் சின்ன ஆள் யாரோ, அவங்ககிட்ட காட்டுங்க. பெறகு போடுங்க."

"நேரமில்ல மேடம்."

அவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இசக்கிமுத்து கிளம்பினான். வழியெல்லாம் நசீமாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே பைக்கை விரட்டினான். சிக்னலில் நின்றபோது, வேறு யாராவது போட்டுவிட்டார்களா என்று போனைத் தடவிப் பார்த்தான். இல்லை.

வீடியோவில் பேசிய ஜெபராணி அவனை உள்ளே விட்டுச் சட்டென்று கதவைத் தாழிட்டாள். சேலை நுனியை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக நின்றபடியே வீடியோவை முழுக்கப் பார்த்தாள்.

"எனக்கே என்னை அடையாளம் தெரியல அண்ணாச்சி. தைரியமாப் போடுங்க."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. வெளியிடும் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனான். நசீமா சொன்னது வந்து உறுத்தியது.

தரையில் ஜெபராணியின் மகள் இட்லியைப் பிசைந்துகொண்டிருந்தாள். இன்னும் முழுசாகப் பேச்சு வராத குழந்தை. போனோடு அவள் பக்கம் குனிந்தான்.

"இவகிட்ட எதுக்கு?" என்றாள் ஜெபராணி.

"சும்மா. மேடம் சொன்னாங்க." காட்டித் தொலைப்போம் என்று போனைக் குழந்தையின் முன்னால் பிடித்தான்.

திரையில் மங்கலான முகம் ஆண்குரலில் பேசியது. அதற்குக் கீழே மடியில் இரண்டு கைகள், சேலை நுனியை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன.

குழந்தை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, பிசுபிசுத்த விரலை அந்தக் கைகளின் மேல் வைத்தது.

"ம்மா."