சாவி எடுத்த பிறகும்

"பேய் ஓட்டத் தெரியுமுங்களா மேஸ்திரி?" என்று கேட்டபடி வந்து நின்றார் மருதாசலம்.

கமலவேணி சங்ககிரியில் லாரிகளுக்கு வயரிங் பார்ப்பவள். மருதாசலம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவளிடம் தொழில் பழக வந்தவர். வயசில் அவர்தான் மூப்பு. அதனாலென்ன, குரு குருதானே.

"யாரைப் பிடிச்சிருக்குங்ண்ணா?"

"செங்கோடன் லாரியை."

செங்கோடன் செத்து ஒரு மாசமாகிறது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்த மனுசன் மறுநாளே மாரடைப்பில் போய்விட்டான். நின்ற வண்டி நின்றபடி கிடந்து பேட்டரி படுத்துவிட்டது. வாடகைக்கு விடலாமென்று அவன் பெண்டாட்டி பாவாயி கூப்பிட, காலையில் மருதாசலம்தான் இன்னொரு லாரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்துகொடுத்தார்.

அப்புறம் சாவியை எடுத்தும் எஞ்சின் நிற்கவில்லை. அவர் வந்துட்டார், யாரும் நிறுத்தக் கூடாது என்று பாவாயி கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே யாரோடோ பேசிக்கொண்டே இருக்கிறாள். பொழுது சாயப் போகிறது.

மருதாசலம் சொல்லி முடித்தார்.

இருவரும் போனார்கள்.

லாரி உறுமிக்கொண்டிருந்தது. மழையே இல்லை, வைப்பர் தன்பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் பாவாயியின் வாய் அசைந்தது.

கமலவேணி பேட்டரியைப் பார்த்தாள். இரண்டு முனையிலும் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. ப்ளஸ் எது, மைனஸ் எது, ஒன்றும் தெரியவில்லை.

"கேபிள் மாட்டும்போது துடைச்சுப் பாத்தீங்களா?"

"செத்தவன் வச்ச பொட்டுங்க. எப்படித் துடைக்கிறது?"

"பொறி பறந்துச்சா?"

மருதாசலம் தரையைப் பார்த்தார். பறந்தது. பட்டென்று வெடிக்கவும், ப்ளஸ்ஸை மைனஸில் மாட்டியது தெரிந்து கேபிளைத் திருப்பி மாட்டிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. பேய் என்று ஊர் சொன்னது அவருக்கு வசதியாகவும் போயிற்று.

கமலவேணி முன்பக்கத்தைத் திறந்தாள். கேபினுக்குள் போகிற வயர் கட்டின் மேல் அவர் கையை எடுத்து வைத்தாள்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வயரின் தோல் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்துகிற வயரும் வைப்பர் வயரும் அதற்குள்தான் வெந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் கேபின் பற்றிக்கொள்ளும்.

"பாவாயிகிட்ட நீங்களே சொல்லிருங்க மேஸ்திரி," என்று கெஞ்சினார்.

அவள் டீசல் பம்பில் இருந்த, டீசலை அடைக்கிற லீவரைக் காட்டினாள்.

இழுத்தார். எஞ்சின் திணறி நின்றது. அவள் பேட்டரி வயரைக் கழற்றினாள். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது.

கதவு திறந்தது. மருதாசலத்துக்குப் பயமா வெட்கமா, அவருக்கே தெரியவில்லை.

"கேபிளை மாத்திப் போட்டது நான்தான் அம்மிணி. செங்கோடன் வரல. எல்லாம் வயர் கோளாறு."

பாவாயி அழவில்லை.

"அப்ப இவ்வளவு நேரம் எங்கூடப் பேசினது யாரு?"

மருதாசலம் குருவைப் பார்த்தார். கமலவேணி படியேறி பாவாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாருங்க்கா?"

"ஒண்ணையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. 'சுடுது, எறங்கிப் போயிரு'ன்னு."