ஒற்றைப்பனைத் தீவு

"மூணு நாளா ஒரு கையெழுத்துக்கு அலையறேன். என்ன தப்புன்னாவது சொல்லுங்க சார்" என்றாள் ஜொகரா.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா."

"அப்புறம் என்ன?"

மாசிலாமணி மேசைமேல் இருந்த கல்லை எடுத்து நுனிநாக்கால் நக்கிப் பார்த்தார். கல் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஈரம் பட்டால்தான் உள்நிறம் தெரியும்.

அவருக்கு எழுபத்தாறு வயது. இந்த ஊர்க் கல்லூரியில் ஜியாலஜி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் ஒப்படைத்தவர், கற்கள் அடுக்கிய இந்த அறையின் சாவியை மட்டும் திருப்பித் தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜொகராவுக்கு ஐம்பது. அவரிடம் படித்த முதல் மாணவிகளில் ஒருத்தி. அரசாங்க உத்தியோகத்தில் சேலத்துப் பக்கமே இருபத்தாறு வருஷம் காய்ந்துவிட்டு, இப்போதுதான் கடற்கரைக்கு மாற்றலாகி வந்திருக்கிறாள். வந்ததும் முதல் வேலையாகக் கிளாத்தித் தீவுக்குப் போய்ப் பதினோரு கற்கள் எடுத்துவந்தாள். அரைமணி நேரம் நடந்தால் சுற்றி முடித்துவிடலாம், அவ்வளவுதான் தீவு.

சுண்ணாம்புக்காக அதை வெட்டிக்கொள்ளக் குத்தகை விடலாமா என்று, அவள் அறிக்கையைப் பார்த்துத்தான் மேலே முடிவு செய்வார்கள். விஷயம் தெரிந்த இன்னொருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஊரில் மாசிலாமணியை விட்டால் வேறு ஆள் இல்லை.

"இன்னொரு தரம் படி, கேப்போம்."

ஜொகரா பெருமூச்சு விட்டுவிட்டுப் படித்தாள்.

"கல் எண் நான்கு. முருகைக்கல், அதாவது பவளப்பாறை. வெளிப்புறம் சாம்பல், உடைத்த முகம் பால் வெள்ளை. நெருக்கமான துளைகள். ஒரு துளையில் சிறு சிப்பி ஒட்டியிருக்கிறது. சுண்ணாம்புச் சத்து நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. காளவாயில் சுட்டால் முதல் தரமான சுண்ணாம்பு கிடைக்கும்."

"நல்லா எழுதியிருக்க."

"கைதான் என்னுது சார், எழுத்து உங்களுது. உங்க ஒற்றைப்பனைத் தீவு அறிக்கையைத்தானே எங்களுக்கு மாதிரின்னு கொடுத்தீங்க? இன்னும் மனப்பாடம்."

"எங்க, சொல்லு பாப்போம்."

ஐம்பது வயதுக்காரி சட்டென்று கைகட்டி நின்றாள். "'பாறை காலடியில் கிண்ணென்று ஒலிக்கிறது.' இந்த வரி வந்ததும் கடைசி பெஞ்சுல எல்லாரும் மேசையைத் தட்டுவோம். நீங்க கோபமா இருக்கிற மாதிரி நடிப்பீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு தேய்ந்து, பார்வை எங்கோ போனது.

"நெஜமாவே கிண்ணுன்னுதான் கேட்டுச்சு ஜொகரா. அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. படகுக்காரர் சந்தியாகு பத்து நாளைக்கு அரிசியோட என்னை இறக்கி விட்டுட்டுப் போயிட்டார். ஒரே ஒரு பனை. அதுக்குக் கீழ முழங்கை ஆழம் தோண்டினா நல்ல தண்ணி. சுத்திலும் உப்பு, நடுவுல இனிப்பு. விடியக்காலம் எந்திரிச்சா மணல்ல ஆமை ஏறிப்போன தடம் இருக்கும். மத்தியானம் கல்லை வரிசையா வெச்சு எழுதுவேன். ஆலாப் பறவை காயிதத்துமேல எச்சம் போட்டுட்டுப் போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கல்யாணம் ஆச்சு, பிள்ளைங்க ஆச்சு, பேரும் வந்துச்சு. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பத்து நாள் மாதிரி ஒரு நாள் திரும்ப வரலை."

ஜொகரா அந்தத் தீவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் சேலத்து வெயிலில் வெட்டுக்குழிக்குள் நின்ற எத்தனையோ மத்தியானங்களில், கண்ணை மூடி அங்கே போய் வந்திருக்கிறாள்.

"பனை, ஊத்து, ஆமை எதுவுமே அறிக்கையில வரலையே சார்."

"அந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா." கல்லை மெதுவாக மேசைமேல் வைத்தார். "கடைசி வரி ஞாபகம் இருக்கா?"

"'வெள்ளையடிக்க இதைவிட உயர்ந்த சுண்ணாம்பு இந்தக் கரையில் வேறெங்கும் இல்லை.'"

"ஆமா. அதுக்குக் கட்டம் இருந்துச்சு."

ஜொகரா அதைக் கவனிக்கவில்லை. மனசு இன்னும் பனை நிழலில்தான் இருந்தது.

"ஒரு தரம் என்னை அங்க கூட்டிட்டுப் போங்க சார். போன வாரம் ஒரு படகுக்காரர்கிட்ட கேட்டேன். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம இன்ஜினைக் கிளப்பிட்டுப் போயிட்டார்."

"பாக்கணுமா?"

"பின்ன? முப்பது வருஷ ஆசை."

"வா."

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெளியே கிளம்புகிறார் என்று நினைத்து அவள் கைப்பையைத் தேடினாள். அவர் வாசல் பக்கம் போகவில்லை. அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த வெறும் சுவரிடம் போய் நின்றார். உள்ளங்கையை அழுத்தி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தார். திரும்பி, கையை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

கை முழுக்க வெள்ளை.

"எட்டு வருஷம் அந்தத் தீவை வெட்டினாங்க. இதுல கொஞ்சம் இருக்கு. மீதி இந்த ஊர்ல எல்லார் வீட்டுச் சுவத்துலயும் இருக்கு."

ஜொகரா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கொடும்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

ஜொகரா அறிக்கையைத் தரவில்லை.