முள்ளிக்குடிக்குப் போன பல்லக்கு

வெண்கோட்டு அரண்மனையில் ஒரு காலத்தில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். விதைப்பு நாளில் பன்னிரண்டு ஊருக்கும் பன்னிரண்டு பல்லக்கு போகும். ஒவ்வொன்றிலும் அரச குடும்பத்தார் ஒருவர். வரப்போரமாக ஊரைச் சுற்றி வருவார். அவர் முகம் பார்த்த பிறகுதான் ஊரில் விதை விழும்.

ஒரு கோடையில் வந்த காய்ச்சல் ஒன்பது பேரைக் கொண்டுபோனது. எல்லைப் போர் ஆறு பேரைக் கொண்டது. சிலர் மணமாகி அயல்நாடு போனார்கள். ஒரு சித்தப்பா மட்டும் செக்காட்டும் வீட்டுப் பெண்ணோடு தெற்கே போய்ச் சுகமாக இருந்தார். மிஞ்சியது மூவர்: மன்னர் பரிதிவேள், நடக்க முடியாத அத்தை உலகுடையாள், மகள் அரிஞ்சிகை.

"மூன்று பேரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஊருக்கு எப்படிப் போவது?" என்று மன்னர் கேட்டார்.

அமைச்சர் கூத்தனாரிடம் விடை தயாராக இருந்தது. "திரையை மூடி அனுப்புவோம். இனி முகம் காட்டா விரதம் என்று பறையறைவோம். திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எவன் பார்க்கப் போகிறான்?"

மன்னருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஆண்டுக்கொரு நாளும் கண்ணில் படாத அரச குடும்பத்தை ஊர் மறந்துவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்றார்.

இரண்டு ஆண்டு எந்தக் குறையும் இல்லை. மக்கள் வெறும் பல்லக்கை விழுந்து கும்பிட்டார்கள்.

மூன்றாம் ஆண்டு, முள்ளிக்குடிக்குப் போன பல்லக்கு மறுநாள் திரும்பவில்லை. நான்காம் நாள் வந்தது. உள்ளே பட்டு மெத்தை முழுக்க ரத்தக் கறை. தூக்கிப்போன நால்வரில் மூத்தவனான சேந்தன் மன்னர் காலில் விழுந்தான்.

நடந்தது இதுதான். முள்ளிக்குடியில் ஒருத்திக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வைத்தியர் இருப்பது ஆற்றுத்துறையில், ஒரு பகல் நடை. அந்த நேரத்தில் பல்லக்கு ஊருக்குள் நுழைந்தது. வலியில் கிடந்தவளின் மாமியார் ஓடிவந்து வழியை மறித்தாள்.

"உள்ளே இருக்கிற அம்மா கொஞ்சம் இறங்கிக்கொள்ளட்டும். என் மருமகள் செத்துக்கொண்டிருக்கிறாள்."

தூக்கியவர்கள் வாய் திறக்கவில்லை. அவள் இரண்டு முறை கேட்டாள். பிறகு தானே திரையை விலக்கினாள்.

ஊரே பார்த்தது. யாரும் கத்தவில்லை. கிழவி திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"இடம் இருக்கிறது. அவளைத் தூக்கி வாருங்கள்."

தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

கூத்தனார் கொதித்தார். "இந்நேரம் விஷயம் பன்னிரண்டு ஊருக்கும் போயிருக்கும். அரச குடும்பம் காலி என்று ஊர் சிரிக்கும். தூக்கியவர்களைக் கட்டிவைத்து அடிக்க வேண்டும். அந்தக் கிழவியையும்தான்."

"நாளை சொல்கிறேன்" என்றார் மன்னர். சேந்தனை அழைத்துக்கொண்டு கரும்பாறைக்கு நடந்தார்.

கரும்பாறைக் குகையில் நங்கை அம்மை இருந்தார். மன்னரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இளவரசிக்குப் பாடம் சொல்ல அரண்மனைக்கு வந்தவர். இளவரசிக்குப் பாடத்தில் நாட்டமில்லை. அருகில் உட்கார்ந்து கேட்ட மன்னர்தான் சீடரானார்.

மன்னர் எல்லாவற்றையும் சொன்னார். அம்மை அவரை விட்டுவிட்டுச் சேந்தனைப் பார்த்தார்.

"காலிப் பல்லக்கு கனக்குமா?"

சேந்தன் மன்னரைப் பார்த்தான். மன்னர் தலையசைத்தார்.

"கனக்கும் தாயே. உள்ளே ஆளில்லை என்று எங்களுக்குத் தெரியுமே. சனம் விழுந்து கும்பிடும்போது தலை நிமிராது."

"ஆற்றுத்துறைக்குப் போனபோது?"

"பாதி வழியில் எங்களில் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது. ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் மாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார். அடுத்த ஊரில் நான்கு பேர் காத்திருந்தார்கள். அதற்கடுத்த ஊரில் பத்துப் பேர். யார் போய்ச் சொன்னார்கள் என்றே தெரியவில்லை."

"வழியில் யாராவது கும்பிட்டார்களா?"

சேந்தன் யோசித்தான். "இல்லை தாயே. யாருக்கும் கை ஒழியவில்லை."

குகை வாசலில் காற்று வீசிக்கொண்டிருந்தது. மன்னர் சேந்தனைக் காட்டினார்.

"இவர்களுக்குத் தண்டனை இல்லை" என்றார். "வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். என் கேள்வி அதுவல்ல."

"பிறகு?"

"குட்டு உடைந்துவிட்டது. இனி திரை போட்டு அனுப்ப முடியாது. பல்லக்கு பன்னிரண்டு இருக்கிறது. ஏறி உட்கார நானும் என் மகளும்தான். அத்தையால் அசையக்கூட முடியாது. ஒரு நாள் அவளும் இல்லாமல் போவாள், நானும் போவேன். மகள் ஒருத்தி எத்தனை பல்லக்கில் ஏறுவாள்? அதன் பிறகு இந்த ஊர்களுக்கு நாங்கள் யார், தாயே?"

அம்மை எழுந்து சேந்தனின் அருகில் போனார். அவன் வலத் தோளில் துணியை விலக்கினார். பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்தி அங்கே தோல் காய்த்துக் கறுத்திருந்தது.

"உட்கார ஆளில்லை என்று மூன்று ஆண்டாகக் கவலைப்படுகிறாய்" என்றார். "தூக்க ஆள் போதுமா என்று ஒரு நாளாவது கேட்டாயா?"

மன்னர் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் தோளைத் தொட்டுப் பார்த்தார்.