மடைக்கல்லை விட்டு நகர்ந்தவன்

பறவையும் மீனும் ஒரே மொழியில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், மடையான் என்னும் சிறு கொக்கு தலை முதல் வால் வரை தும்பைப் பூவைப்போல் வெளுத்திருந்தான். கழுத்தை நிமிர்த்தியே நிற்பான். அந்த நிமிர்வுக்குக் காரணம் அவன் வகித்த பதவி. சாத்தனேரியின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்பவன் அவன்.

கோடை தொடங்கும் பங்குனியில் அந்த ஏரியில் மூவருக்கு வேலை உண்டு. மழைக்கு வாய்ப்பிருக்கிறதா என்று தவளை சொல்ல வேண்டும். எத்தனை சாண் தோண்டியபின் தன் வளையில் ஊற்று கண்டது என்று நண்டு சொல்ல வேண்டும். மடையான், மடையின் அடியில் பதித்திருந்த கல்லில் நின்று, தண்ணீர் தன் காலில் எதுவரை தொடுகிறது என்று அறிவிக்க வேண்டும். அது முழங்காலுக்குக் கீழே இறங்கினால், ஏரியை வற்றாத ஆற்று மடுவோடு இணைக்கும் வாய்க்கால் சில நாட்களில் அறுந்துவிடும். அதற்குள் மீன்கள் மடுவுக்குப் போய்விட வேண்டும். தண்ணீருக்குள் வாழ்பவர்களுக்கு அதன் உயரம் தெரிவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் சொன்னால்தான் உண்டு. இந்த வேலைக்குக் கூலியாக ஏரியின் இறால் முழுவதும் மடையானுக்கு. விதி ஒன்றே ஒன்று: நிற்கும் கல் மாறக் கூடாது.

அந்த ஆண்டு மாசியிலிருந்தே வானம் வெறிச்சோடிக் கிடந்தது. தண்ணீர் உள்வாங்கியது, அதோடு இறாலும் உள்ளே போயிற்று, இறாலின் பின்னே மடையானும் போனான். ஒரு நாள் ஓரடி, மறுநாள் ஈரடி. வயிறு நிறைந்தபின் அங்கேயே குனிந்து தன் காலைப் பார்ப்பான். தண்ணீர் முழங்காலில்தான் இருக்கும். அப்படியே அறிவிப்பான்.

மழை இல்லை என்று தவளை சொன்னது. நேற்றைவிட ஒரு சாண் கூடுதலாகத் தோண்டியதாக நண்டு சொன்னது. இருவரையும் ஒருவரும் விரும்பவில்லை. மடையான் சொன்னது மட்டும் காதுக்கு இனிமையாக இருந்ததால், அவனுடைய நல்ல குரலைப் பற்றியும் வெண்மையைப் பற்றியும் ஏரி முழுவதும் பேசிக்கொண்டது. நண்டு ஒருநாள் பொறுக்காமல் கேட்டது.

"ஏன் மாப்ள, எனக்கு மட்டும் தண்ணி பாதாளத்துக்குப் போவுது, உனக்கு மட்டும் ஏரி ஊறுதா?"

"பொந்துக்குள்ள கெடக்குறவருக்கு எல்லாம் பாதாளந்தான், மாமா," என்றான் மடையான். கரையெல்லாம் சிரித்தது. நண்டு மறுபடி கேட்கவில்லை.

உள்ளே போகத் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை, இறால் ஒன்றை விழுங்கிவிட்டுத் தற்செயலாகத் திரும்பினான். தூரத்தில், வெடிக்கத் தொடங்கிய சேற்றின் நடுவே, அவனுடைய கல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது நாட்களுக்கு முன் அவன் இட்ட எச்சம் அதன்மேல் சுண்ணாம்புபோல் உலர்ந்திருந்தது. வாய்க்காலைப் பார்த்தான். இன்னும் இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஓடியது. ஒரு நாள் தாங்கும்.

சொல்லிவிட நேரம் இருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

அப்போது கோரைப் புதரிலிருந்து விரால் ஒருத்தி வந்தாள். முதல் ஈற்றுக்காரி, அவளைச் சுற்றிச் செந்நிறக் குஞ்சுகள் முந்நூறு மொய்த்தன. ஆழமற்ற வாய்க்காலில் பாம்பும் பருந்தும் காத்திருக்கும். இன்னும் சில நாள் வளர்ந்தால் குஞ்சுகள் தப்பும் என்பது அவள் கணக்கு.

"அண்ணே, இதுக பொறந்து நாலு நாளுதான் ஆவுது. இன்னும் மூணு நாளு இருந்துட்டுப் போவலாமா, இல்ல இன்னைக்கே கெளம்பணுமா? நீங்க சொல்றதுதான்."

மடையான் வாயைத் திறந்தான். கிளம்பு என்று சொன்னால், நேற்று வரை சொன்னது என்ன என்று கேட்பார்கள். வளையின் வாயில் நண்டின் இரண்டு கண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"முழங்கால் தண்ணி இருக்கு தங்கச்சி," என்றான். "நேத்து மாதிரிதான்."

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. தண்ணீர் அவன் முழங்காலில்தான் இருந்தது. அதன் கீழ்மையே அதுதான்.

மூன்றாம் நாள் அவள் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வாய்க்காலின் வாய்க்கு வந்தாள். அங்கே சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. திரும்பினாள், ஏரியும் அதற்குள் ஒரு குட்டையாகச் சுருங்கி, உச்சி வெயிலில் கொதித்தது. விரால் சேற்றுக்குள் புதைந்து உயிர் பிழைக்கும் சாதி. குஞ்சுகளுக்கு அந்தத் திறம் இன்னும் வரவில்லை. மாலைக்குள் குட்டையின் மேல் செந்நிறம் படிந்தது. பிறகு அதுவும் வெளிறியது.

மடையானை எவரும் திட்டவில்லை. அவனோடு சேர்ந்து நண்டைப் பார்த்துச் சிரித்தவர்களில் எஞ்சியவர்களுக்குத் திட்ட வாய் எழவில்லை. நண்டும், ஒருமுறை கேட்டதோடு நின்றுவிட்ட தன்னை நினைத்துக் கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது. சேற்றில் பாதி புதைந்திருந்த விரால் மட்டும், கோபமின்றி, தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போல் கேட்டாள்.

"எந்தக் கல்லுல நின்னு பாத்தீங்க, அண்ணே?"

நிமிர்ந்திருந்த கழுத்து மெல்ல மடங்கித் தோளுக்குள் புதைந்தது. எல்லோரும் புகழ்ந்த வெண்மை அப்போது அவனுக்கே கூசியது. சேற்றில் விழுந்து புரண்டான்; முதுகும் கழுத்தும் மார்பும் மண்ணின் நிறமாகும்வரை புரண்டான். எழுந்து, காய்ந்த மடைக்கல்லின் மேல் ஏறி நின்றான். சிறகுகளை மடக்கியபோது உட்புறத்து வெண்மை மட்டும் சேறு படாமல் மறைந்துகொண்டது.

அன்று முதல்தான் மடையான் நீரோரத்தில் மண்நிறமாய், கழுத்தை ஒடுக்கி, ஓரடியும் நகராமல் நிற்கிறான். நாம் அருகே போனால், அதே கேள்வியைக் கேட்க வருகிறோம் என்று அஞ்சி எழுந்து பறக்கிறான், அந்த ஒரு கணம் அவன் மறைத்து வைத்த வெண்மை முழுவதும் வெளியே தெரிந்துவிடுகிறது.