பன்னிரண்டாவது அதிரசம்

மருதங்காவல் பாளையத்தின் ராஜா குமாரவிசய நாயக்கருக்கு அறுபத்து நான்கு பட்டங்கள். எல்லாம் அவைப்புலவர் மங்கைபாகக் கவிராயர் சூட்டியவை. சபை கூடியதும் அவர் அவ்வளவையும் பாடி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கலாம்.

விருந்தாளியாக வந்துபோன வெள்ளைக்காரக் கேப்டன் ஒரு கடிதம் அனுப்பியிருந்தான். துபாஷி அருளப்பன் அதைச் சபையில் தமிழாக்கிப் படித்தான். விருந்து நன்று. யானை நன்று. "கவிராயரின் புகழ்ச்சியோ..." என்ற இடத்தில் நின்றுவிட்டான்.

"ஏன் நிறுத்தினாய்?" என்றார் ராஜா.

"க்ளாயிங் என்று எழுதியிருக்கிறார், மகாராஜா. இனிப்பு மிகையாகித் திகட்டுகிறதாம்."

கவிராயர் எழுந்தார். "ஓய் துபாஷி, இனிப்பு என்பதோடு நிறுத்தும். மீதி உம்முடைய பொறாமை."

"சொல்லின் பிறப்பே அப்படி, கவிராயரே. முதலில் அது குதிரை லாயத்துச் சொல். லாடம் அடிக்கிறவன் ஆணியைச் சற்று ஆழமாக இறக்கிவிட்டால் உள்சதையில் குத்திவிடும். குதிரை காலைத் தூக்கிக்கொள்ளும், கீழே வைக்காது. அப்படி ஆணி ஏற்றுவதற்குத்தான் அந்தப் பெயர். பிற்பாடு, இனி ஒரு வாய் இறங்காது என்னும்படி தெவிட்டுவதற்கும் அதையே சொன்னார்கள்."

"லாடத்துக்கும் லட்டுக்கும் என்ன உறவு?" கவிராயர் சிரித்தார். சபையும் சிரித்தது. "மகாராஜா, இனிப்பில் மிகை என்று ஒன்று உண்டா? தங்கள் பட்டங்களை இகழ்வதற்காக இவர் கடிதத்தைத் திரிக்கிறார்."

ராஜாவின் முகம் சிவந்தது. "அருளப்பா, பொழுது சாய்வதற்குள் நிரூபி. முடியாவிட்டால் குடும்பத்தோடு பாளையத்தை விட்டுப் போய்விடு."

"மடைப்பள்ளியிலிருந்து அதிரசம் வரட்டும், மகாராஜா. பட்டத்துக்கு ஒன்றாக அறுபத்து நான்கு. கவிராயர் ஒரு பட்டம் பாடி ஒன்று தின்னட்டும். இனிப்பில்தான் மிகை கிடையாதே!"

கவிராயருக்கு அதிரசம் என்றால் உயிர். அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ராஜகுல திலகரே!" ஒன்று. "வீரலட்சுமி நாயகரே!" இரண்டு. ஐந்தாவதில் நெய்யைப் பாராட்டினார். ஒன்பதாவதில் அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்தார். பன்னிரண்டாவது வெகுநேரம் வாயிலேயே சுழன்றது. பதின்மூன்றாவது வந்தபோது இரண்டு கைகளாலும் தட்டைத் தள்ளினார்.

"நெய் சரியில்லையா, கவிராயரே?" என்றான் அருளப்பன்.

"நெய் நன்றாகத்தான் இருக்கிறது."

"வெல்லம்?"

"அதிலும் குறையில்லை. இனி ஒரு விள்ளல் இறங்காது, ஓய். விட்டுவிடும்."

"கேப்டனும் பாட்டில் குறை என்று எழுதவில்லை, மகாராஜா. இதைத்தான் எழுதினார்." அருளப்பன் தட்டை மறுபடி நீட்டினான். "ஆனால் கவிராயரே, ஐம்பத்திரண்டு பட்டங்கள் மிச்சம் இருக்கின்றன. இங்கே நிறுத்தினால் மகாராஜாவின் பட்டங்களை நீரே வெட்டியதாகிவிடுமே!"

கவிராயர் தட்டைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "எழுந்திரும் ஐயா. எனக்குப் பன்னிரண்டு போதும்." கையில் கிடந்த கடகத்தைக் கழற்றி அருளப்பனுக்குப் போட்டார்.

பிழைத்த சந்தோஷத்தில் கவிராயர் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கருணைக் கடலே! பட்டம் துறந்த பரம தியாகியே! அடக்கத்தின் இமயமே!"

ராஜா அருளப்பனைப் பார்த்தார். பாதபீடத்திலிருந்து வலது காலை மெல்லத் தூக்கினார். கீழே வைக்கவில்லை.