தட்டு சின்னது

கண்டி வாவிக்கு மேலே, பைன் மரங்கள் நிற்கிற சரிவில், பிக்குணிகளின் சின்ன ஆசிரமம் ஒன்று இருந்தது. அதை நடத்திவந்த பிக்குணி கேமாவுக்கு வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சந்தான். அவரிடம் பாடம் கேட்க வந்த சிவனம்மாவுக்கோ ஐம்பதைத் தாண்டி வெகுநாள்.

சிவனம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். மாதர் சங்கத் தலைவி. அவள் வாயைத் திறந்தால் துரைமார் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடுவார்கள் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். வயதில் சின்னவரிடம் கைகட்டி நிற்பது அவளுக்குச் சிரமமாக இருக்கவில்லை. வாயைக் கட்டி நிற்பதுதான் சிரமமாக இருந்தது.

அவள் அங்கே வந்த காரணம் இதுதான். தோட்டத்துக்கு மேலே மலை உச்சியில் ஒரு குகைக் கோயில். உள்ளே படுத்திருக்கும் புத்தர். வெளியே பாறையடியில் நட்டு வைத்த ஒரு வேல். சிங்களக் கிராமத்து ஆட்களும் லயத்து ஆட்களும் ஒரே கல்படியில்தான் ஏறுவார்கள். லயத்தில் பிள்ளை பிறந்தால் முதன்முதலாக வெளியே தூக்கிக்கொண்டு போவது அங்கேதான். அந்த மலையைப் பார்த்த பிள்ளைதான் அந்த மண்ணின் பிள்ளை.

போன வருஷம் நடு மலையில் ஒரு பெரிய உல்லாச விடுதி வந்தது. கல்படி அதன் மதிலுக்குள் அகப்பட்டுக்கொண்டது. கீழே இரும்புக் கம்பிக் கேட்டு. கேட்டில் மூன்று மொழியில் பலகை: தனியார் வழி. ஊரில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் தமிழ் கொலையுண்டு கிடக்கும். அந்தப் பலகையில் மட்டும் ஒரு பிழை இல்லை.

சிவனம்மா முறையிடப் போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், பிறகு வரச் சொன்னார்கள். கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கத்திப் பார்த்தாள். தொண்டைதான் போனது. அப்புறம் தூக்கம் போனது. பிரஷர் ஏறியது. டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, கோபத்தைக் குறையுங்கள் என்று இலவசமாகச் சொல்லி அனுப்பினார்.

அதற்காகத்தான் ஆசிரமத்துக்கு வந்தாள். வந்த அன்று வாசலில் நின்ற ஒரு பிக்குணி, செருப்பையும் கோபத்தையும் இங்கேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகலாம் என்று புன்னகையோடு சொன்னார். சிவனம்மா செருப்பைக் கழற்றினாள்.

முற்றம் கூட்டினாள். தண்ணீர் சுமந்தாள். கண்ணை மூடி உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தாள். மூடிய கண்ணுக்குள் கேட்டுதான் நின்றது. இதற்கிடையில் அவள் அண்ணன் மகன் தவசீலனுக்குப் பெண் பிள்ளை பிறந்து, தவழவும் தொடங்கிவிட்டது. இன்னும் மலையைப் பார்க்கவில்லை.

ஒரு போயா நாள் காலை. பௌர்ணமி என்பதால் ஊரே வெள்ளை உடுத்திக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. சிவனம்மா தன் துணிகளை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டுக் கேமாவிடம் வந்தாள்.

“சாமியம்மா, ஒண்ணு கேக்கணும். கோபத்தை விட்டாத்தான் இங்க இருக்கலாமா?”

கேமா விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தாய் கம்பளைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அதனால் தமிழ் அவருக்குத் தாயின் குரலிலேயே வரும்.

“விட்டா என்ன ஆகும், அக்கா?”

“நான் நல்லாத் தூங்குவேன். அந்தக் கேட்டும் நல்லாத் தூங்கும்.”

“விடலைன்னா?”

சிவனம்மாவுக்கு அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. “கேட்டு அப்பவும் தூங்கும். நான் மட்டுந்தான் முழிச்சிருப்பேன்.”

கேமா விளக்கைக் கீழே வைத்தார். “பூ வாங்கப் போவோம், வாங்க.”

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பூ வாங்கக் கூப்பிடுகிறாரே என்று சிவனம்மாவுக்குக் கோபம் புசுபுசுவென்று வந்தது. ஆனாலும் நடந்தாள்.

வாவிமேல் மூடுபனி அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. கரைச்சுவரில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்தபடி நின்றது. புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைப் பக்கம் பூக்கடைகள். நீலோற்பல மொட்டுகளை விரலால் இதழ் இதழாக மடக்கி மலரவைத்துக்கொண்டிருந்தார்கள். கேமா நீட்டிய தட்டில் கடைக்காரி பூவை நிரப்பினாள். சிவனம்மா ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். கடைக்காரி பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். படைக்கிற பூவை மோந்து பார்க்கக் கூடாதாம்.

மோந்தால் புத்தருக்கு என்ன குறைந்துவிடும் என்று சிவனம்மா வழியெல்லாம் வாதாடினாள். வாசம் என்ன தீர்ந்துபோகிற சாமானா, அவர்தான் ஆசையையே விட்டவராயிற்றே, பூவாசத்துக்கா கணக்குப் பார்க்கப்போகிறார் என்றாள்.

“அது நமக்குன்னு வாங்கினதில்லையே, அக்கா,” என்றார் கேமா.

சனம் எதிரே வந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் நின்று, சிவனம்மா கையிலிருந்த தட்டை இரு கையாலும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பிறகு ஒரு பள்ளிக்கூடப் பெண். பிறகு ஒரு பொலிஸ்காரர். இது என்ன கூத்து என்று சிவனம்மா கேட்டாள். தட்டைத் தொட்டவர்களுக்கெல்லாம் படையலில் பங்கு என்று கேமா சொன்னார். தொட வந்தவரை யாரும் தடுக்க மாட்டார்கள். எட்டாதவர்கள் தொட்டவரின் தோளைத் தொட்டால் போதும், அவர்களும் சேர்த்திதான்.

“சம்பளத்துல பங்கு கேட்டா மட்டும் எவனும் தோளைக் காட்ட மாட்டான்,” என்றாள் சிவனம்மா. கேமா சிரித்துவிட்டார்.

மாளிகைக்குள் போவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். கேமா அதைத் தாண்டி, மலைப் பாதையில் திரும்பி, அந்த இரும்புக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

காவலாளி ஜயசேன எழுந்தார். காவியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். விருந்தாளிகளைத் தவிர யாரையும் விடக்கூடாது, மேலே இருந்து கட்டளை என்று பாதித் தமிழிலும் பாதிச் சங்கடத்திலும் சொன்னார். சிவனம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். அவள் ஆரம்பிப்பதற்குள் கேமா அவள் கையிலிருந்த தட்டை வாங்கி, கேட்டுக்கு நேரே நீட்டிப் பிடித்தபடி நின்றார்.

கேட்டில் சாமான் வாங்குவதற்கென்று ஒரு சின்ன ஜன்னல். ஜயசேன தட்டைப் பார்த்தார். போயா நாளிலும் வேலை. கோயிலை நினைக்கத்தான் முடியும். ஜன்னலைத் திறந்து இரண்டு கையையும் வெளியே நீட்டிப் பூத்தட்டைத் தொட்டார். அதைப் பார்த்துத் தோட்டக்காரர் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தார். சமையல்காரர் வந்தார். அறை கூட்டுகிற பெண்கள் வந்தார்கள்.

“சாமி, பூவ தாங்க,” என்றார் ஜயசேன. “நாங்க மேல கொண்டு போறது.”

தட்டு ஜன்னல் வழியாக உள்ளே போனது. கை மாறிக் கை மாறிக் கல்படியில் ஏறியது. ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பொட்டு, வளைவில் திரும்பிப் பனிக்குள் மறைந்தது. கேமா மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

சிவனம்மா பின்னாலேயே ஓடினாள்.

“பூவுக்கு வழி இருக்கு. தூக்கிட்டு வந்தவளுக்கு இல்லை. இதைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?”

கேமா நடந்துகொண்டிருந்தார்.

“நான் இன்னைக்கே லயத்துக்குப் போறேன், சாமியம்மா. மூட்டையும் கட்டிட்டேன்.”

“போயிட்டு வாங்க, அக்கா,” என்றார் கேமா. “தட்டு சின்னதாப் போச்சு. அதான்.”

கேலி செய்கிறாரா, இல்லை கிறுக்குத்தான் பிடித்துவிட்டதா என்று சிவனம்மா முணுமுணுத்தபடியே மூட்டையோடு லயம் வரை வந்தாள். தன் ஒற்றை அறைக் காம்பிராவின் கதவைத் திறக்கக் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. கதவை மேலிருந்து கீழே பார்த்தாள். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பார்த்தாள். தவசீலன் வந்து, என்ன அத்தை, சாவியைத் தொலைச்சிட்டீங்களா என்று கேட்டான்.

“கீலைக் கழட்டத் தெரியுமாடா உனக்கு?” என்றாள் அவள்.

அடுத்த போயா அன்று, கேட்டுக்கு வரச் சொல்லி லயத்திலிருந்து கேமாவுக்கு ஆள் வந்தது. அவர் கேட்டுக்குப் போனபோது பாதையில் ஒரு கதவு ஏறி வந்துகொண்டிருந்தது.

சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய கதவு. மேலே வெள்ளைத் துணி. துணி தெரியாமல் பூ: நீலோற்பலம், செவந்தி, லயத்து வாசல்களில் பூத்த செவ்வரத்தை, ரோசா. ஒரு பக்கம் லயத்துப் பெண்கள் தூக்கினார்கள். மறுபக்கம் சிங்களக் கிராமத்துப் பெண்கள். முன்மூலையில் சிவனம்மா. தூக்கியவர்களின் தோளில் கை வைத்துப் பின்னால் ஆட்கள், அவர்கள் தோளில் கை வைத்து இன்னும் ஆட்கள். தவசீலனின் மனைவி பிள்ளையை ஒரு கையில் அணைத்து, மறு கையை முன்னால் போனவள் தோளில் வைத்திருந்தாள். வழியில் தொட வந்தவர்களும் கையை எடுக்காமல் அப்படியே கூட நடந்து வந்துவிட்டார்கள். வரிசையின் வால் கீழ்வளைவில் எங்கேயோ இருந்தது.

ஜயசேன கதவைப் பார்த்தார். சின்ன ஜன்னலைப் பார்த்தார்.

“அம்மா, இது இதுக்குள்ள வராது.”

“வராதுதான்,” என்றாள் சிவனம்மா.

“சின்ன தட்டு இல்லையா?”

“கை வைக்க இத்தனை பேர் வந்திருக்காங்க. சின்னத் தட்டு எப்படிப் பத்தும்?”

ஜயசேன உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தார். மேனேஜரும் வெள்ளை உடுத்தியிருந்தார். கோயிலுக்குக் கிளம்புகிற நேரம். பின்னாலேயே விருந்தாளிகள் சிலர் கேமராவோடு வந்து நின்றார்கள். மேனேஜர் தணிந்த குரலில், பூ உள்ளே வரலாம், தன் ஆட்கள் தூக்கிக்கொள்வார்கள் என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் சிவனம்மா விரலை நீட்டியிருப்பாள். அன்று விரல் எல்லாம் கதவுக்கு அடியில் இருந்தது.

“தாராளமாத் தூக்கட்டும், சார். முதல்ல நீங்க கை வைங்க.”

பூத்தட்டை நீட்டினால் தொடாமல் இருக்க அவராலும் முடியாது. கம்பிக்கு இடையில் கையை விட்டுத் தொட்டார். தொட்டதும், பின்னால் நின்ற சமையல்காரர் அவர் தோளில் கை வைத்தார். சமையல்காரர் தோளில் தோட்டக்காரர். அவர் தோளில் அறை கூட்டுகிற பெண்கள்.

“இப்ப நீங்களும் சேர்த்தி, சார்,” என்றாள் சிவனம்மா. “இதுல யாரை உள்ள விடணும், யாரை வெளிய நிறுத்தணும்? நீங்களே பிரிச்சு விடுங்க.”

மேனேஜர் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பின்னால் திரும்பித் தன் தோளைப் பார்த்தார். பிறகு ஜயசேனவிடம் சிங்களத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

கேட்டு முனகிக்கொண்டு திறந்தது. இன்னைக்கு மட்டுந்தான் என்றார் மேனேஜர்.

“அடுத்த மாசமும் போயா வரும், சார்,” என்றாள் சிவனம்மா. சொல்லிவிட்டுப் படி ஏறினாள்.

உச்சியில் பூவை இறக்கினார்கள். புத்தருக்குப் பாதி, வேலுக்குப் பாதி. பிள்ளையை வேலடியில் உட்காரவைத்தார்கள். அது சாம்பிராணிப் புகைக்கு ஒரு தும்மல் போட்டது, எல்லோரும் சிரித்தார்கள். பனி விலகியது. கீழே வாவி, அதன் கரையில் மாளிகைக் கூரை, சுற்றிலும் மடிப்பு மடிப்பாக மலைகள். தவசீலனின் மனைவி பிள்ளையைத் தூக்கி ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

சிவனம்மா கேமாவின் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. காலடியில் அவளுடைய துணி மூட்டை. எங்கே போவதென்று முடிவு செய்யாமலே அதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

“சாமியம்மா, என் கோபம் இன்னும் போகலை. கேட்டு திறந்தப்பவும் போகலை. இன்னைக்கு மட்டுந்தான்னு சொன்னாரே, அப்ப இன்னும் ஏறிச்சு. இதோட நான் ஆசிரமத்து வாசல்படி ஏறலாமா?”

கேமா பாறையடியில் கிடந்த பூக்களைப் பார்த்தார்.

“கீழ இருந்து இவ்வளவு தூரம் வந்தீங்களே, ஒரு தடவையாவது பூவை மோந்து பாத்தீங்களா?”

“படைக்கிற பூவை எப்படி மோந்து பாக்கிறது? அது நமக்கில்லையே.”

“கை வலிக்குதா?”

“வலிக்காம இருக்குமா?”

கேமா குனிந்து அவளுடைய மூட்டையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்ப கோபத்தையும் சரியாத்தான் தூக்கிட்டு வந்திருக்கீங்க, அக்கா.”