பத்தாயிரத்து ஒன்று எந்தத் தெரு?

எண்கள் மட்டுமே குடியிருந்த ஊர் அது. அங்கே இரண்டு தெருக்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண்களுக்கு ஒரு தெரு. அப்படி வகுபடுகிற பகு எண்களுக்கு இன்னொன்று.

பத்தாயிரத்து ஒன்று தெருமுனையிலேயே நின்றது. தான் யாரென்று அதற்கே தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஒரு தெருவுக்குள் போகாவிட்டால் ஊரை விட்டே வெளியேற வேண்டும்.

பகு தெருவிலிருந்து பத்தாயிரம் கூப்பிட்டது. "இங்க வா தம்பி. என்னை மீதியில்லாம வகுக்கறவங்க இருபத்தஞ்சு பேர். எப்பவும் கல்யாண வீடு மாதிரி இருக்கும்."

எதிர்த்தெருவில் பத்தாயிரத்து ஏழு முகம் சுளித்தது. "அந்தக் கும்பலுக்குள்ள போகாதே. பார்த்தாலே தெரியுது, நீ நம்ம ஆளு. நம்மை யாராலும் பிரிக்க முடியாது."

இரண்டுமே நியாயமாகப் பட்டன. அதுதான் தொல்லை.

இந்த இரண்டு தெருவிலும் சேராத ஒன்று என்ற எண் முனையில் காவலுக்கு நின்றது. "ஏன் குழம்பறே? நூறுக்குள்ள இருக்கிற பகா எண்களை வரிசையா வந்து வகுத்துப் பார்க்கச் சொல்லு. நூறுக்கு மேல இருக்கிற ரெண்டு பேரைப் பெருக்கினா உன்னைத் தாண்டிடும். அதனால இவங்க ஒருத்தராலயும் முடியலேன்னா நீயும் பகா எண்தான்."

இரண்டு வந்து வகுத்தது, ஒன்று மீந்தது. மூன்று வந்தது, இரண்டு மீந்தது. ஏழுக்கு ஐந்து மீந்தது. "மன்னிச்சுக்கப்பா, நான் உனக்கு உறவில்லை" என்று ஒவ்வொன்றும் சொல்லிவிட்டு நகர்ந்தது. அதைக் கேட்டு நிம்மதிப்படுவதா வருத்தப்படுவதா என்று பத்தாயிரத்து ஒன்றுக்குத் தெரியவில்லை. இருபதாவதாக வந்த எழுபத்து ஒன்றும் அறுபத்து ஒன்றை மீதி வைத்துவிட்டுப் போனது.

"சொன்னேன்ல?" என்று கைதட்டியது பத்தாயிரத்து ஏழு.

அடுத்து எழுபத்து மூன்று வந்தது. வகுத்தது. மீதியைத் தேடியது. எதுவுமே இல்லை.

பத்தாயிரத்து ஏழு கதவைச் சாத்திக்கொண்டது.

"நான் உடைஞ்சுட்டேனா?" என்று கேட்டது பத்தாயிரத்து ஒன்று.

பதில் வருமுன், வகுத்ததில் கிடைத்த ஈவு மெல்ல எழுந்து நின்றது. அது நூற்று முப்பத்தேழு. அதுவும் பகா எண். எதிரே நின்ற எழுபத்து மூன்றை அது வியப்போடு பார்த்தது.

"நீங்க யாரு? என் மடங்குகள் ஒவ்வொண்ணா ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கேன். ஒண்ணுலகூட உங்களைப் பார்த்ததில்லையே!"

"நானும் உங்களைப் பார்த்ததில்லை. ரெண்டு பேர் வழியும் சேர்ற முதல் இடமே இவன்தான்."

"முடிஞ்சுது. பகு தெரு" என்று காவலுக்கு நின்ற ஒன்று என்ற அந்த எண் கையைக் காட்டியது.

பத்தாயிரத்து ஒன்று நடந்தது. உடைந்தோமா, சேர்ந்தோமா என்று அதற்கு இன்னும் புரியவில்லை. தனக்குள்ளே இரண்டு பேர் முதன்முதலாகப் பேசிக்கொள்வது மட்டும் கேட்டது.